ஹாலிவுட் எழுத்தாளர் உங்க ஸ்கிரிப்டை ஏன் திறந்துகூடப் பார்க்க மாட்டார்?

[கறுப்புத் திரை. பழைய போன் மணி அடிக்குது.]

1949 நவம்பர். டைரக்டர் பில்லி வைல்டரோட ஆபீஸுக்கு ஒரு போன். பேசினவர் பேரு விக்டர் டெஸ்னி. 1925ல கென்டக்கில ஒரு குகைக்குள்ள மாட்டிக்கிட்டு செத்துப்போன ஃபிளாய்ட் காலின்ஸோட கதையைப் படமா எடுக்கலாம்னு சொல்றார். நீளமா இருந்தா சார் படிக்க மாட்டார், சுருக்கிட்டு வாங்கன்னு செக்ரட்டரி சொல்றாங்க. ரெண்டு நாள்ல மறுபடி போன். இவர் சுருக்கத்தைப் படிக்கப் படிக்க, அந்தம்மா ஷார்ட்ஹேண்ட்ல எழுதிக்கிறாங்க. பயன்படுத்தினா எனக்குக் காசு வரணும்னு இவரும் சொல்லி வைக்கிறார்.

1951ல வைல்டரோட 'ஏஸ் இன் த ஹோல்' வருது. குகைக்குள்ள மாட்டிக்கிட்ட ஒருத்தன், அவனை வச்சுப் பிழைக்கிற ஒரு நிருபர்.

டெஸ்னி போட்ட கேஸ் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1956ல அவங்க சொன்னது இதுதான்: வெறும் ஐடியா யாரோட சொத்தும் இல்ல. ஆனா 'பயன்படுத்தினா காசு'ங்கிற நிபந்தனையோட ஒருத்தர் சொல்றார், அது தெரிஞ்சே இன்னொருத்தர் வாங்கிப் பயன்படுத்துறார்னா, கையெழுத்தே இல்லாட்டியும் அது ஒப்பந்தம் ஆகலாம்.

அவ்வளவுதான் மக்களே. ஹாலிவுட் வக்கீல்கள் உஷாராயிட்டாங்க.

[டைட்டில் கார்டு]

வணக்கம். வளரும் எழுத்தாளர்கள் ஒரு பெரிய ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளரைப் பார்த்தா திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளுக்குத்தான் இன்னிக்குப் பதில். முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "சார், என் ஸ்கிரிப்டைப் படிப்பீங்களா?"

மாட்டார். திமிர் இல்ல, பயம். உங்க ஸ்கிரிப்ட்ல ஒரு ஜெயில் தப்பிப்புக் காட்சி இருக்கு, அவரும் தற்செயலா அதே மாதிரி ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கார்னு வைங்க. நீங்க அனுப்பின மெயிலை அவர் திறந்திருந்தா, நாளைக்குக் கோர்ட்ல "இவர் கையில என் கதை இருந்துச்சு"ன்னு காட்ட அது போதும். அதனாலதான் ஸ்டுடியோக்கள் கேக்காம வந்த ஸ்கிரிப்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புறாங்க. ஏஜென்ட், மேனேஜர், இல்ல ஒரு வக்கீல் மூலமா போகணும். சில கம்பெனிகள் ரிலீஸ் ஃபார்ம் கேப்பாங்க. இதே மாதிரி கதை எங்ககிட்டயும் இருக்கலாம், நீ கேஸ் போடக்கூடாதுங்கிறதுதான் அதோட சாரம். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. நேரா மெயில் அனுப்பியே ஆகணும்னா, ஸ்கிரிப்டை இணைக்காதீங்க. கதையோட ரெண்டு வரி, நீங்க யாருங்கிற ரெண்டு வரி, போதும்.

"அப்போ என் கதையை யாராவது திருடிட்டா?" பதிப்புரிமை, அதாவது காப்பிரைட், ஐடியாவுக்குக் கிடையாது, நீங்க எழுதின வடிவத்துக்குத்தான். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துல பதிவு பண்றதுதான் கோர்ட்ல பலம். எழுத்தாளர் சங்கமான டபிள்யூ.ஜி.ஏ.ல பதிவு பண்ணினா, இந்தத் தேதியில இது இருந்துச்சுங்கிறதுக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி, பிரிக்காம வச்சுக்கிற டெக்னிக்? கவர் செலவு மிச்சம் பண்ணுங்க.

[திரையில்: ஒரு வெள்ளைத் தாள், மேல ஸ்கேல்]

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். "எத்தனை பக்கம் எழுதணும்?"

90லேர்ந்து 120. ஏன்னா ஒரு பக்கம் ஒரு நிமிஷம். இந்தக் கணக்கு ஆகாயத்துலேர்ந்து விழல. கூரியர் ஃபான்ட், 12 பாயின்ட். டைப்ரைட்டர் மாதிரி எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்: ஒரு இஞ்சுக்கு 10 எழுத்து, ஒரு இஞ்சுக்கு 6 வரி. அமெரிக்க லெட்டர் தாள் உயரம் 11 இஞ்ச். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு விட்டா மிச்சம் 9. ஆக 54 வரி. இடது பக்கம் மட்டும் ஒன்றரை இஞ்ச் விடுவாங்க, பஞ்ச் பண்ற ஓட்டைக்காக. ஓட்டை மூணு இருக்கும், பித்தளை பின் ரெண்டுதான் போடுவாங்க, மேலயும் கீழயும். நடுவுல மூணாவது பின் இருந்தா, ஆள் புதுசுன்னு முகத்துலயே எழுதி ஒட்டின மாதிரி.

சரி, நாம எந்தத் தாள்ல எழுதுறோம்? ஏ4. அது 11.69 இஞ்ச். அதே மார்ஜின் விட்டா 58 வரி. பக்கத்துக்கு 4 வரி கூடுதல். கேக்க சின்ன விஷயம். ஆனா ஏ4ல 118 பக்கத்துல முடிச்சுட்டோம்னு நீங்க நிம்மதியா இருப்பீங்க, லெட்டர்ல அது கிட்டத்தட்ட 127 ஆயிடும். ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் கடைசிப் பக்க எண்ணைத்தான் முதல்ல பார்க்கிற ஆளுங்க அங்க ஏகப்பட்ட பேர். சென்னையிலயோ கொழும்புலயோ உட்கார்ந்து அங்க அனுப்பப் போறீங்கன்னா, முதல் வரி தட்டுறதுக்கு முன்னாடி சாஃப்ட்வேர்ல தாளை லெட்டருக்கு மாத்திடுங்க. நீளம் கூடிடுச்சுன்னு வரி இடைவெளியைச் சுருக்காதீங்க, மார்ஜினைக் கிள்ளாதீங்க. தினம் நாலு ஸ்கிரிப்ட் புரட்டுற கண்ணுக்கு அது உடனே தெரியும்.

இதோட முடியல. ஷூட்டிங் திட்டம் போடுற உதவி இயக்குநர் ஒவ்வொரு பக்கத்தையும் எட்டாப் பிரிக்கிறார். நம்ம அரைக்கால் கணக்கு. ஒரு துண்டு ஏறக்குறைய ஒரு இஞ்ச். ரெண்டே வரிக் காட்சியா இருந்தாலும் 1/8னு எழுதுவாங்க. அரைப் பக்கம்னா 4/8, அதை 1/2னு சுருக்க மாட்டாங்க. அப்போதான் ஒரு நாளைக்கு எடுக்கவேண்டிய காட்சிகளை மடமடன்னு கூட்ட முடியும்.

இந்தக் கணக்கு எங்க உதைக்கும்? "இரண்டு படைகளும் மோதுகின்றன"ன்னு ஒரு வரி எழுதினா 1/8தான், ஆனா எடுக்க ரெண்டு வாரம் ஆகலாம். தலைகீழாவும் நடக்கும். 2010ல வந்த 'தி சோஷியல் நெட்வொர்க்' ஸ்கிரிப்ட் 162 பக்கம். படம் ரெண்டு மணி நேரம்தான். மூச்சு விடாம பேசுறாங்கல்ல!

[திரையில்: ரெண்டு பத்தி, பக்கத்துல பக்கத்துல]

"காட்சியை எப்படி எழுதணும்?" இடது பக்கம் பாருங்க: "டேவிட் மூன்று வருடமாக வேலையில்லாமல் கடனில் தவிக்கிறான்." இதைக் கேமரா எப்படிப் பிடிக்கும்? மூணு வருஷத்தை எங்க காட்டுறது? இப்போ வலது பக்கம்: "டேவிட் வங்கிக் கடிதத்தைப் பிரிக்காமலே ஷூ பெட்டிக்குள் திணிக்கிறான். மூடி மூடவில்லை. மேலே டெலிபோன் டைரக்டரியை வைத்து அழுத்துகிறான்." பெட்டி நிறையுற அளவுக்குக் கடிதம் வந்திருக்குன்னா எவ்வளவு நாளா ஓடுறான்னு நமக்கே புரியுது. நடிகருக்கும் கையில ஒரு வேலை கிடைச்சுது. ஒரு பத்தி நாலு வரிக்கு மேல போகவேண்டாம்.

கேமரா கோணம் எழுதலாமா? வேண்டாம். காட்சி எண்? விற்கிறதுக்கு எழுதுற ஸ்கிரிப்ட்ல வேண்டாம், அது ஷூட்டிங் ஸ்கிரிப்டுக்கு. மூணு அங்கமா, அஞ்சு அங்கமா? எதுவானாலும் சரி, முதல் பத்து பக்கத்துல யாருக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுடணும். காசு கொடுத்து ஃபைனல் டிராஃப்ட்ங்கிற சாஃப்ட்வேர் வாங்கணுமா? ஃபவுன்டன்னு ஒரு முறை இருக்கு, சாதாரண நோட்பேட்ல எழுதினாலே போதும். அனுப்புறது பிடிஎஃப்தான்.

கடைசியா, யாரும் கேக்காத, ஆனா கேக்கவேண்டிய கேள்வி: "என் பேர் திரையில வருமா?"

[திரையில்: ஒரு டைட்டில் கார்டு, & குறி பெருசாகுது]

ரெண்டு பேருக்கு நடுவுல & குறி இருந்தா, ஜோடியா உட்கார்ந்து எழுதினவங்க. 'அண்ட்'னு எழுத்துல இருந்தா, ஒருத்தர் எழுதினதுக்கு அப்புறம் இன்னொருத்தர் வந்து மாத்தி எழுதியிருக்கார். ரெண்டு பேரும் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. அடுத்த படத்துல கவனிங்க, கிசுகிசு படிக்கிற மாதிரி இருக்கும்.

யாருக்குப் பேர்னு தயாரிப்பாளர் தன் இஷ்டத்துக்கு முடிவு பண்ண முடியாது. தகராறு வந்தா சங்கத்தோட மூணு எழுத்தாளர்கள் எல்லா டிராஃப்டையும் படிச்சுத் தீர்ப்பு சொல்வாங்க. அவங்க யாருன்னு கடைசி வரை ரகசியம். புத்தகத்தை வச்சு எழுதின திரைக்கதைன்னா 33 சதவீதத்துக்கு மேல பங்களிப்பு இருக்கணும். ஒரிஜினல் திரைக்கதையை அப்புறம் வந்து மாத்தி எழுதினவருக்கு 50 சதவீதம். புதுசா எழுதுறவங்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லைன்னு நான் சொல்வேன். ஏன்னா படம் டிவியிலயும் மத்த இடத்துலயும் மறுபடி ஓடும்போது வர்ற ராயல்டி, பேர் இருக்கிறவருக்குத்தான். 2023ல 148 நாள் வேலைநிறுத்தம் பண்ணி, ஏ.ஐ.க்கு எழுத்தாளர்னு பேர் போட முடியாதுன்னும் ஒப்பந்தத்துல ஏத்திட்டாங்க.

அதனால ஒவ்வொரு டிராஃப்டையும் தேதி போட்டுத் தனித்தனி ஃபைலா வச்சுக்கோங்க, பழசு மேலயே சேவ் பண்ணிடாதீங்க. பஞ்சாயத்துன்னு வந்தா அவங்க படிக்கப்போறது அதைத்தான். இங்க விட்டுப்போன கேள்வி இருந்தா கமென்ட்ல போடுங்க. ஸ்கிரிப்டை மட்டும் எனக்கு அனுப்பிடாதீங்க, டெஸ்னி கேஸ் எனக்கும் பொருந்தும்.