உயிரோடு வந்தவனுக்கு அந்தக் கல்லில் இடம் எங்கே?

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு முன்னால் பேசிய அக்கா அதில் பாதியை விட்டுவிட்டார். 'முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய தொழிலாளர்களுக்கு வேல்ஸ் சுரங்க ஊர்கள் செய்த பெரிய மரியாதை நினைவுத்தூணா, நினைவு மண்டபமா?' இதுதான் கேள்வி. அக்கா தூணின் பக்கம், நாங்கள் மண்டபத்தின் பக்கம். திரும்பிய தொழிலாளர்களுக்கு! அக்கா பேசியது முழுக்கத் திரும்பாதவர்களைப் பற்றி. நம் நடுகல் மரபைச் சொன்னார், அருமையாகச் சொன்னார், நானும் கைதட்டினேன். ஆனால் நடுகல் யாருக்கு நட்டார்கள்? களத்தில் விழுந்தவனுக்கு. ரயிலை விட்டு இறங்கி, இருமிக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்தவனுக்கு அந்தக் கல்லில் ஓர் எழுத்துகூடக் கிடையாது, அவனை எங்கே வைப்பீர்கள்?

அவன் யார் என்று கொஞ்சம் பார்ப்போம். போரின் முதல் ஆண்டிலேயே பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்கள் படையில் சேர்ந்தார்கள். இப்படியே போனால் கரி வெட்ட ஆள் இருக்காது என்று அரசே தடை போட வேண்டியதாயிற்று. அவர்களில் ஒரு பகுதியினர் போர்முனையில் செய்ததும் சுரங்க வேலைதான். எதிரியின் பதுங்குகுழிக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைக்கும் வேலை. களிமண்ணில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் சத்தம் எதிரிக்குக் கேட்டுவிடும் என்பதால், சிலுவை மாதிரி ஒரு மரச்சட்டத்தில் முதுகைச் சாய்த்துப் படுத்து, இரண்டு காலாலும் மண்வெட்டியை உதைத்து உள்ளே இறக்குவான் ஒருவன். பெயர்ந்த மண்ணை இன்னொருவன் சத்தமில்லாமல் சாக்கில் அள்ளுவான். மூன்றாவது ஆள் வெளியே கொண்டு போவான். வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி. நடுநடுவே வேலையை நிறுத்திவிட்டு, எதிரியும் பக்கத்தில் தோண்டுகிறானா என்று மண்சுவரில் காதை வைத்துக் கேட்பார்கள். 1917 ஜூன் 7, அதிகாலை 3.10 மணிக்கு பெல்ஜியத்தில் மெசின் மேட்டுக்கு அடியில் 19 வெடிச்சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தனவே, அது இந்த மாதிரி ஆட்களின் மாதக்கணக்கான உழைப்பு.

போர் முடிந்ததும் என்ன நடந்தது? நாட்டுக்குக் கரி வேண்டும், அதனால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் சுரங்கத் தொழிலாளர்களும் இருந்தார்கள். மூச்சு வாங்கக்கூட நேரமில்லை, மறுபடி அதே இருட்டு, அதே தூசி. வீரர்கள் வாழத் தகுந்த நாடாக ஆக்குவோம் என்று 1918 நவம்பரில் பிரதமர் லாயிட் ஜார்ஜ் பேசினார். 1919இல் நிலக்கரித் தொழிலை விசாரிக்க அரசு அமைத்த சாங்கி ஆணையத்தில் பெரும்பான்மையோர் சுரங்கங்களைப் பொதுவுடைமை ஆக்கலாம் என்றார்கள், அதே பிரதமரின் அரசு முடியாது என்றது. போருக்காக அரசு தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த சுரங்கங்களை 1921 மார்ச் 31ஆம் தேதி முதலாளிகள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள், மறுநாளே கூலி வெட்டு, ஒத்துக்கொள்ளாதவனுக்குக் கதவடைப்பு. மூன்று மாதம். தென் வேல்ஸில் அந்த வெட்டு மிகக் கடுமை. பதக்கத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுக் குழந்தைக்கு ரொட்டி கடனுக்குக் கேட்கப் போன மனிதனை நினைத்துப் பாருங்கள், எனக்கு இதைப் பேசும்போதே கோபம் வருகிறது.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் தென் வேல்ஸின் எப்பு பள்ளத்தாக்கில் நியூபிரிட்ஜ் என்ற ஊர் என்ன செய்தது தெரியுமா? கெலினென் சுரங்கத் தொழிலாளர்கள் 1908லேயே தங்களுக்கென்று ஒரு மன்றக் கட்டடம் எழுப்பியிருந்தார்கள். அதை ஒட்டி 1924இல் ஒரு நினைவு மண்டபத்தைக் கட்டினார்கள். முதலாளி தர்மத்துக்குப் போட்ட காசில் எழுந்த கட்டடம் இல்லை அது, வெட்டுப்பட்ட அந்தக் கூலியிலிருந்து பிடித்துக் கொடுத்த சில்லறையில் எழுந்தது. கீழே நடன அரங்கு, மேலே நாடகமும் சினிமாவும் நடக்கும் அரங்கு. இறந்தவர்கள் நினைவாக என்று சொல்லித்தான் கட்டினார்கள், ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்தவன் உயிரோடு இருந்தவன்.

அக்கா இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆட்டமும் பாட்டமும் நடக்கிற இடம் எப்படி அஞ்சலி ஆகும், செத்தவர்களுக்கு அவமரியாதை இல்லையா என்று கேட்டார். அக்கா, மண்ணுக்கு அடியில் பேசவே கூடாது, இருமவே கூடாது என்று நாள் கணக்காக இருந்தவனுக்கு என்ன தேவை? வெளிச்சம் தேவை, பாட்டுச் சத்தம் தேவை, பக்கத்தில் நாலு பேர் தேவை. அந்தப் பள்ளத்தாக்குகளில் பொழுதுபோக்க மது விடுதியும் தேவாலயமும் உண்டு. மது விடுதியில் பெரும்பாலும் ஆண்கள்தான். மண்டபம் வந்த பிறகு மனைவியையும் அழைத்துக்கொண்டு அவன் சனிக்கிழமை போய் உட்கார ஓர் இடம் கிடைத்தது. அவள் நான்கு வருடம் தபால்காரனைப் பார்த்துப் பயந்துகொண்டே வாழ்ந்தவள், அவளுக்கு எந்தத் தூணில் பேர் வெட்டினீர்கள்?

கல் நிலைக்கும், கட்டடம் ஒழுகும் என்றார்கள். சரி, அதையும் பார்ப்போம். நியூபிரிட்ஜில் கல் நினைவுச்சின்னமும் உண்டு, 1936இல் வைத்தது. மண்டபம் திறந்து பன்னிரண்டு வருடம் கழித்து! அந்தக் கல் இப்போது கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது, 1990களில் கொண்டு போனார்கள். மண்டபம் அதே தெருவில் அதே இடத்தில் இருக்கிறது.

உடனே ஓக்டேல் ஊரைச் சொல்வீர்கள், தெரியும். அங்கே 1917இல் எழுந்த தொழிலாளர் மன்றக் கட்டடத்தையும் கல் கல்லாகப் பிரித்து அதே அருங்காட்சியகத்துக்குத்தானே கொண்டு போனார்கள் என்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. சுரங்கம் போனால் கட்டடத்தைக் காப்பாற்றுவது கஷ்டம். ஆனால் நியூபிரிட்ஜிலும் 1980களில் சுரங்கங்கள் போய்விட்டன, மாதாமாதம் கொடுக்கக் கூலிக்காரன் இல்லை. கூரை பழுதாகிப் பாழடையும் நிலைக்கு வந்தபோது ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2004இல் பழைய கட்டடங்களை மீட்க பிபிசி நடத்திய தொலைக்காட்சிப் போட்டியில் இறுதிச் சுற்று வரை போனார்கள், பரிசு கிடைக்கவில்லை. அதோடு விடாமல் நிதி தேடி அலைந்து, புதுப்பித்து, 2014இல் மறுபடி திறந்தார்கள். சுரங்கம் இல்லாத ஊரில் சுரங்கத்தான் கட்டிய மண்டபம் ஓடுகிறது. எந்தத் தூணுக்காக ஓர் ஊர் இப்படி அலைந்தது, சொல்லுங்கள்!

அப்புறம், அரசாங்க மரியாதை எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் 'பெவின் பையன்கள்' என்று, படைக்குப் போக வேண்டிய வயதில் ஏறக்குறைய 48,000 இளைஞர்களைக் கரி வெட்ட அனுப்பினார்கள், பலரைக் குலுக்கல் முறையில். அவர்களுக்கு அரசு ஒரு பேட்ஜ் கொடுத்தது 2008இல். கல் நினைவுச்சின்னம் 2013இல். பையன்களுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, பலர் போயே சேர்ந்துவிட்டார்கள்.

கல்லே வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கையை வைத்துத் தடவ ஒரு பேர் வேண்டும், அது அவள் உரிமை. நீங்கள் கேட்டது திரும்பி வந்தவனுக்கு எது மரியாதை என்று. கூலி வெட்டோடு அரசு கைவிட்ட பிறகு, தன் சட்டைப் பையில் இருந்த காசை எடுத்து அவனுக்கு ஒரு கூரை போட்டுக் கொடுத்த ஊரின் பக்கம் தீர்ப்பைத் தர வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.