ராணுவம் இல்லை, சொந்தப் பணம் இல்லை, விமான நிலையம் இல்லை: லிக்டன்ஸ்டைன் எப்படி இவ்வளவு பணக்கார நாடு ஆனது?

[கும்மிருட்டில் ஒரு மலைப்பாதை. மழை.]

2007 மார்ச் மாதம். சுவிட்சர்லாந்து ராணுவத்தின் காலாட்படை வீரர்கள் சுமார் 170 பேர் இரவுப் பயிற்சிக்குக் கிளம்புகிறார்கள். வானிலை மோசம். வழி தவறி நடந்துகொண்டே போனவர்கள், எல்லையைத் தாண்டிப் பக்கத்து நாட்டுக்குள் போய்விட்டார்கள். கையில் துப்பாக்கி இருக்கிறது, தோட்டா இல்லை. நாடு மாறிவிட்டது என்று உறைத்ததும் சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டார்கள்.

படையெடுப்புக்கு ஆளான நாடு என்ன செய்தது தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. அப்படி ஒன்று நடந்ததே அதற்குத் தெரியாது. சுவிட்சர்லாந்து தானாகவே தகவல் சொன்ன பிறகுதான் தெரியும். அப்போதும், ஹெலிகாப்டரில் வந்து தாக்கவா செய்தார்கள், விடுங்கள் என்கிற தொனியில்தான் பதில் வந்தது.

அந்த நாடுதான் லிக்டன்ஸ்டைன். வணக்கம் மக்களே! இன்றைக்கு இந்த நாட்டைத்தான் பார்க்கப் போகிறோம். கறுப்புப் பணம், சுவிஸ் வங்கி மாதிரி ஒரு கதையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதுவும் வரும், ஆனால் கொஞ்சம்தான். அதைவிடச் சுவாரசியமான கதை வேறு இருக்கிறது.

[வரைபடம். சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே ஒரு சின்னப் புள்ளி.]

புவியியலை வேகமாக முடித்துவிடலாம். பரப்பளவு 160 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 40,000. மேற்கே ரைன் ஆறு, அதுதான் சுவிட்சர்லாந்தோடு எல்லை. கிழக்கே ஆல்ப்ஸ் மலை, அந்தப் பக்கம் ஆஸ்திரியா. மக்கள் பேசுவது ஜெர்மன். தலைநகர் வாடுஸ். மொத்தம் 11 ஊராட்சிகள். கடல் கிடையாது. அதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இதைச் சுற்றியுள்ள இரண்டு நாடுகளுக்கும் கடல் கிடையாது. இப்படிக் கடலுக்குப் போக இரண்டு எல்லைகளைக் கடந்தே ஆகவேண்டிய நாடு உலகத்தில் இன்னொன்றுதான் இருக்கிறது, உஸ்பெகிஸ்தான். புவியியல் அவ்வளவுதான்.

இனி வரலாறு. ஓட்டி விடாதீர்கள், இந்த வீடியோவை நான் எடுத்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

லிக்டன்ஸ்டைன் என்பது முதலில் ஒரு குடும்பத்தின் பெயர். வியன்னாவுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு கோட்டை இன்றும் இருக்கிறது. கோட்டை இருப்பது ஆஸ்திரியாவில், அந்தப் பெயருள்ள நாடு இருப்பது ஆஸ்திரியாவின் மறுகோடியைத் தாண்டி! இந்தக் குடும்பத்துக்கு மொராவியாவில், அதாவது இன்றைய செக் குடியரசில், ஏகப்பட்ட நிலம். ஹாப்ஸ்பர்க் பேரரசரின் அவையில் நல்ல செல்வாக்கு. பணம், மாளிகை, ஓவியம் எல்லாம் இருந்தும் ஒரே ஒரு குறை: புனித ரோமப் பேரரசின், அதாவது அந்தப் பேரரசர் தலைமையில் இருந்த ஜெர்மன் சிற்றரசுகளின் கூட்டமைப்பின், மன்றத்தில் இளவரசர்களோடு சரிசமமாக உட்கார ஓர் இருக்கை இல்லை.

அந்த இருக்கை வேண்டுமென்றால், பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நிலம் கையில் இருக்க வேண்டும். குடும்பத்தின் பெரிய பெரிய எஸ்டேட்டுகள் எல்லாம் வேறு பிரபுத்துவ அடுக்குகளுக்குக் கீழே இருந்ததால் ஒன்றும் தேறவில்லை. அப்போதுதான் ரைன் கரையில் கடனில் மூழ்கிய ஒரு பிரபு குடும்பம், ஹோஹெனெம்ஸ், தன் நிலத்தை விற்கப் பார்க்கிறது. லிக்டன்ஸ்டைன் குடும்பம் 1699-இல் ஷெல்லன்பெர்க் என்ற பகுதியை 1,15,000 கில்டருக்கு (அன்றைய நாணயம்) வாங்குகிறது. அது போதாது என்று 1712-இல் வாடுஸ் பகுதியை 2,90,000 கில்டருக்கு வாங்குகிறது. 1719 ஜனவரி 23 அன்று பேரரசர் ஆறாம் சார்லஸ் இரண்டையும் ஒட்டவைத்து, குடும்பத்தின் பெயரையே சூட்டி, ஒரு தனிச் சிற்றரசாக அறிவிக்கிறார்.

ஆக, ஒரு நாற்காலிக்காக வாங்கிய நாடு இது! கேட்பதற்குக் கிண்டல் மாதிரி இருக்கும், ஆனால் இதுதான் உண்மை. அந்தக் குடும்பம் இந்த நிலத்தை எவ்வளவு மதித்தது என்பதற்கு ஒரு கணக்கு: ஆளும் இளவரசர் ஒருவர் தன் நாட்டை முதன்முதலாக நேரில் வந்து பார்த்தது 1842-இல். அதாவது 123 வருடம் கழித்து. நிரந்தரமாக வந்து குடியேறியது 1938-இல்தான். அதுவும் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய பிறகு, வியன்னாவில் இருக்க முடியாமல்.

இதில் இன்னொரு கூத்து. இவ்வளவு செலவழித்து வாங்கிய அந்த நாற்காலி என்ன ஆனது? 1806-இல் நெப்போலியன் காலத்தில் புனித ரோமப் பேரரசே கலைந்துவிட்டது. நாற்காலி போச்சு, நிலம் மட்டும் தனி நாடாக நின்றுவிட்டது. அப்புறம் 1945-இல் செக்கோஸ்லோவாக்கியா இந்தக் குடும்பத்தின் எஸ்டேட்டுகளை எல்லாம் பறிமுதல் செய்தது. பறிபோன நிலம் இந்த நாட்டைப்போலப் பல மடங்கு பெரியது. எதைப் பெரிய சொத்தாக நினைத்தார்களோ அது போய்விட்டது, பட்டத்துக்காக வாங்கிய மலைச்சரிவு மட்டும் மிஞ்சியது. கையில் காசு இல்லாமல் ஓவியங்களை விற்றார்கள். 1967-இல் லியனார்டோ டா வின்சி வரைந்த ஜினெவ்ரா டெ பென்சி ஓவியம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குப் போனது. விலை சுமார் 50 லட்சம் டாலர், அன்றைக்கு அது ஒரு சாதனை. பழைய சொத்துக்காகச் செக் குடியரசோடு நடந்த சண்டையில், இரண்டு நாடுகளும் தூதரக உறவு வைத்துக்கொள்ளவே 2009 வரை ஆனது.

இந்தப் பகுதி பிடித்திருந்தால் ஒரு லைக் போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் கமெண்டில் திட்டுங்கள், அல்காரிதத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

[வாடுஸ் கோட்டை, மலைச்சரிவில்.]

அடுத்து ஆட்சி. இங்கே நிறைய பேர் தப்பாக நினைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய அரச குடும்பம் என்றதும், கையசைத்துவிட்டு உள்ளே போகும் அலங்காரப் பதவி என்று நினைப்போம். லிக்டன்ஸ்டைனில் அப்படி இல்லை. இளவரசர் ஒரு சட்டத்தை வீட்டோ செய்யலாம், அதாவது ஒப்புதல் தராமல் தடுத்துவிடலாம், அரசாங்கத்தை வீட்டுக்கு அனுப்பலாம், நாடாளுமன்றத்தைக் கலைக்கலாம். 25 உறுப்பினர் கொண்ட ஒரு நாடாளுமன்றம் ஒழுங்காகத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டு உட்கார்ந்திருக்கும்போதே இதெல்லாம்.

2003-இல் இளவரசர் இரண்டாம் ஹான்ஸ் ஆடம் புதிய அரசியல் சட்டத் திருத்தத்தை மக்கள் முன் வைத்தார். அவருக்கு அதிகாரம் கூடும் திருத்தம். ஏற்காவிட்டால் குடும்பத்தோடு வியன்னாவுக்குப் போய்விடுவேன் என்றார். மக்கள் என்ன செய்தார்கள்? 64 சதவீதம் பேர் அவருக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 2012-இல் வீட்டோவைக் குறைக்க இன்னொரு வாக்கெடுப்பு வந்தது. 76 சதவீதம் பேர் வேண்டாம், அவரிடமே இருக்கட்டும் என்றார்கள். 2003 திருத்தத்தைப் பார்த்தே ஐரோப்பிய கவுன்சிலின் நிபுணர்கள் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அதே சட்டத்தில் மறுபக்கமும் இருக்கிறது. 1,500 குடிமக்கள் கையெழுத்துப் போட்டால் மன்னராட்சியையே ஒழிக்க நடைமுறையைத் தொடங்கலாம். ஏதாவது ஓர் ஊராட்சிக்குப் பிடிக்கவில்லை என்றால், அங்கே வாக்கெடுப்பு வைத்துப் பிரிந்து போகும் செயல்முறையைத் தொடங்கலாம். சில நூறு பேர் வசிக்கும் பிளாங்கன் என்ற ஊருக்குக் கூட இந்த உரிமை உண்டு! இளவரசர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானமும் கொண்டுவரலாம். அது வென்றால் அடுத்து முடிவெடுப்பது யார்? இளவரசரின் குடும்பம். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: கதவைத் திறந்து வைத்துவிட்டு, போக விரும்பினால் போங்கள் என்று சொல்லும் அரசரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் தைரியம் எங்கிருந்து வருகிறது என்றால், குடும்பத்துக்குச் சொந்த வங்கி இருக்கிறது, அரசிடம் சம்பளம் வாங்குவதில்லை. 2004-இல் இருந்து அன்றாட ஆட்சியை மகன் அலோய்ஸ் பார்த்துக்கொள்கிறார்.

இவ்வளவு வாக்கெடுப்பு நடக்கும் நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது எப்போது? 1984-இல். அதற்கு முன் 1971, 1973 என்று இரண்டு முறை ஆண்கள் மட்டும் வாக்களித்து நிராகரித்தார்கள். மூன்றாவது முறையும் 51 சதவீதத்தில் மயிரிழையில்தான் தப்பியது. அதே நாட்டில் 2025 ஏப்ரலில் பிரிகிட்டே ஹாஸ் முதல் பெண் பிரதமர் ஆனார்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது?

முதலில் செலவைப் பாருங்கள். ராணுவத்தை 1868-இல் கலைத்துவிட்டார்கள். 1866-இல் நடந்த ஆஸ்திரிய-பிரஷ்யப் போருக்கு 80 பேர் போய், வழியில் ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு 81 பேராகத் திரும்பினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியாவை நம்பியிருந்தார்கள். அது நொடித்துப்போனதும் சுவிட்சர்லாந்து பக்கம் சாய்ந்தார்கள். 1924-இல் இருந்து சுவிஸ் ஃபிராங்க்தான் இவர்கள் பணம், சுங்கமும் சுவிட்சர்லாந்தோடு சேர்ந்துதான். தூதரகம் இல்லாத நாடுகளில் சுவிஸ் தூதரகம் பார்த்துக்கொள்ளும். ரயில் ஓட்டுவது ஆஸ்திரியா. நீண்ட தண்டனைக் கைதிகளையும் ஆஸ்திரிய சிறைக்குத்தான் அனுப்புவார்கள். அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு 2014-இல் மூடப்பட்டதால் குழந்தைகள் கூடப் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் பிறக்கின்றன!

வரவு என்று பார்த்தால், எல்லோரும் வங்கி என்பார்கள். பொய்யில்லை. 1926 சட்டம் ஒன்று, பெயர் வெளியே தெரியாமல் சொத்தை ஃபவுண்டேஷனில், அதாவது அறக்கட்டளை மாதிரி ஓர் அமைப்பில், போட்டுவைக்க வழி செய்தது. இளவரசர் குடும்பத்தின் எல்ஜிடி வங்கியின் வாடிக்கையாளர் விவரம் திருடப்பட்டு ஜெர்மன் உளவுத்துறைக்கு விற்கப்பட்டது 2008-இல் வெளியே வந்தது. ஜெர்மன் அஞ்சல் நிறுவனத் தலைவர் வீட்டிலேயே சோதனை. அந்தப் பட்டியலில் இருந்த இந்தியப் பெயர்களை ஜெர்மனி இந்தியாவுக்கும் கொடுத்தது, விவகாரம் நம் உச்ச நீதிமன்றம் வரை வந்தது. அதன் பிறகு லிக்டன்ஸ்டைன் வரித் தகவல்களைப் பகிர ஒப்புக்கொண்டது. பழைய ரகசியம் இப்போது அங்கே இல்லை.

ஆனால் இந்த நாட்டின் பொருளாதாரத்தில் வங்கியைவிடப் பெரிய பங்கு தொழிற்சாலைக்குத்தான். கட்டட வேலை பார்ப்பவர்கள் யாரையாவது கேளுங்கள், சிவப்புப் பெட்டியில் வரும் ஹில்டி டிரில்லிங் மெஷின் தெரியாமல் இருக்காது. 1941-இல் ஷான் என்ற ஊரில் இரண்டு சகோதரர்கள் ஆரம்பித்த கம்பெனி அது. இன்றைக்கு உலகம் முழுக்க 30,000 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள், கிட்டத்தட்ட அந்த நாட்டு மக்கள்தொகையை நெருங்கும் எண்ணிக்கை. செயற்கைப் பல்லுக்குப் பெயர்போன இவோக்ளார் அதே ஊர். மேடையில் மைக் கேபிளின் முனையில் ஒரு உலோகக் கனெக்டர் இருக்குமே, அதில் நியூட்ரிக் என்று எழுதியிருந்தால் அதுவும் அதே ஊர்தான்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது குர்ட்டா. பழைய இன்ஜினியர்களுக்குத் தெரிந்திருக்கலாம். உள்ளங்கையில் அடங்கும் உருளை, மேலே ஒரு கைப்பிடி, மிளகு அரைப்பதுபோலச் சுற்றினால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் செய்யும். மின்சாரமே வேண்டாம். கண்டுபிடித்தவர் வியன்னாவைச் சேர்ந்த குர்ட் ஹெர்ட்ஸ்டார்க். நாஜிகள் அவரை புகன்வால்ட் முகாமில் அடைத்திருந்தார்கள். போரில் வென்றதும் ஹிட்லருக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று, இந்தக் கருவியை வரைய அவரை அங்கேயே அனுமதித்தார்கள். அந்த வரைபடம் அவர் உயிரைக் காப்பாற்றியது. போருக்குப் பின் லிக்டன்ஸ்டைன் இளவரசர் ஆர்வம் காட்ட, மௌரன் என்ற ஊரில் தொழிற்சாலை வந்தது. முதலீட்டாளர்கள் அவரை ஓரங்கட்டப் பார்த்தார்கள். காப்புரிமை அவர் பெயரிலேயே இருந்ததால் தப்பித்தார். எலெக்ட்ரானிக் கால்குலேட்டர் வரும்வரை சுமார் 1,40,000 குர்ட்டா தயாரானது. யாரிடமாவது ஒன்று இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், பார்க்கவாவது ஆசை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். தனிநபர் உற்பத்தியில் உலகின் உச்சியில் இருக்கும் நாடு என்று பட்டியல்களில் பார்ப்பீர்கள். அங்கே வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேல் காலையில் சுவிட்சர்லாந்தில் இருந்தும் ஆஸ்திரியாவில் இருந்தும் வந்து மாலையில் திரும்பிவிடுகிறவர்கள். அவர்கள் உழைப்பைக் கணக்கில் சேர்த்துவிட்டு, வகுக்கும்போது உள்ளூர்க்காரர்களால் மட்டும் வகுக்கிறார்கள். பணக்கார நாடுதான், ஆனால் அந்த எண் கொஞ்சம் ஊதிப்போன எண்.

அங்கே குடியேற முடியுமா என்று கேட்பீர்கள். ஐரோப்பியர்களுக்கே லாட்டரிதான். கிண்டலுக்குச் சொல்லவில்லை, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் 1995-இல் சேர்ந்தபோது சிறிய நாடு என்று சலுகை வாங்கி, குடியிருப்பு அனுமதியில் ஒரு பகுதியைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். அந்தக் குலுக்கலில் இந்தியர்கள் கலந்துகொள்ள முடியாது. சுற்றிப் பார்க்க ஷெங்கன் விசா போதும். சுவிஸ் எல்லையில் பாஸ்போர்ட்டை யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் வாடுஸ் சுற்றுலா அலுவலகத்தில் சில ஃபிராங்க் கொடுத்தால் நினைவுக்காக ஒரு முத்திரை குத்தித் தருவார்கள். அடுத்து சான் மரினோவா, அன்டோராவா? கமெண்டில் வாக்களியுங்கள். வீட்டோ என்னிடம் இருக்கிறது.