வேதாகமமும் வரலாற்றுச் சான்றும்

(சென்னை மயிலாப்பூரில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் நண்பர்களே, வணக்கம்.

"வேதாகமம் வரலாற்று ஆவணமாக நம்பத்தகுந்ததா?" என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. நம் ஊர் மேடைகளில் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உரத்த குரலில் சொல்லப்படுகின்றன. தோண்டிய இடமெல்லாம் தொல்லியல் வேதாகமத்தை மெய்ப்பித்துவிட்டது என்கிறது ஒரு மேடை. அத்தனையும் புனைகதை, அதில் வரலாறு தேடுவது வீண் என்கிறது இன்னொரு மேடை. இரு தரப்பாரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பது என் கருத்து. பல நூற்றாண்டுகளில், பலரால், பல நோக்கங்களுடன் எழுதப்பட்ட 66 நூல்களை, கத்தோலிக்கர் கணக்கில் 73 நூல்களை, ஒற்றை நூலாக எண்ணிக்கொண்டு அதற்கு ஒற்றை விடை கேட்கிறார்கள். புறநானூற்றையும் இறையனார் களவியல் உரையையும் பெரியபுராணத்தையும் ஒரே கட்டாகக் கட்டித் தமிழறிஞர் ஒருவரின் முன் வைத்து, "இது நம்பத்தகுந்ததா?" என்று கேட்டால், அவர் முதலில் கட்டை அவிழ்ப்பார். வேதாகமத்திலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சான்று மிகுதியாகக் கிடைக்கும் ஓர் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன்: கி.மு. 701. அசீரியப் பேரரசன் சனகெரிப் யூதேயாவின் மேல் படையெடுத்தான். எருசலேமில் எசேக்கியா அரசாண்டான். இந்த நிகழ்ச்சியை 2 இராஜாக்கள் நூலின் 18, 19 ஆம் அதிகாரங்கள் சொல்கின்றன. சனகெரிப்பும் தன் பங்குக்குச் சுட்ட களிமண் பட்டகத்தில் அதை எழுதி வைத்திருக்கிறான். அது இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எசேக்கியாவின் அரண் சூழ்ந்த நகரங்கள் 46-ஐப் பிடித்ததாகவும், அவனை எருசலேமுக்குள் கூண்டுப் பறவையைப் போல் அடைத்ததாகவும், 30 தாலந்து (தாலந்து என்பது அக்கால எடை அளவு) பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் திறையாகப் பெற்றதாகவும் அவன் சொல்கிறான். வேதாகமம் தரும் கணக்கு 30 தாலந்து பொன், 300 தாலந்து வெள்ளி. பொன்னின் அளவு அப்படியே ஒத்துப்போகிறது. வெள்ளியின் அளவு ஒத்துப்போகவில்லை. எசேக்கியா, தன் நாட்டு அரண் நகரமான லாகீசிலிருந்த அசீரிய அரசனுக்குத் தூது அனுப்பினான் என்று வேதாகமம் சொல்கிறது. லாகீஸ் முற்றுகையைச் சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவர்களில் புடைப்புச் சிற்பங்களாகவே செதுக்க வைத்திருக்கிறான். லாகீஸ் மேட்டை அகழ்ந்தபோது முற்றுகைக்காக எழுப்பப்பட்ட சரிவுமேடும் கிடைத்தது.

இங்கே, மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. மன்னன் தன் தோல்வியைக் கல்லில் வெட்டுவதில்லை என்பதை நாம் அறிவோம். அவன் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்று பார்க்கவும் கற்றிருக்கிறோம். நகரம் நகரமாகப் பிடித்த கணக்கை அடுக்கும் சனகெரிப், எருசலேமைப் பிடித்தேன் என்று எங்கும் சொல்லவில்லை. அந்த மௌனமும் நகரம் வீழவில்லை என்ற வேதாகமச் செய்தியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஏன் வீழவில்லை என்ற இடத்தில்தான் பாதை பிரிகிறது. கர்த்தருடைய தூதன் ஒரே இரவில் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்பது வேதாகமத்தின் விடை. நம்பிக்கையாளர் அதை ஏற்பது அவர் உரிமை. ஆனால் வரலாற்றாய்வின் கருவிகள் தொட முடியாத இடம் அது. நகரம் தப்பியதற்குக் கிடைக்கும் சான்றைத் தூதன் வந்ததற்கான சான்றாக மேடையில் காட்டுவது முறையாகாது.

இன்னொரு நுட்பமும் இதே பகுதியில் இருக்கிறது. சனகெரிப் நினிவேக்குத் திரும்பினான், தன் கடவுளின் கோவிலில் தொழுதுகொண்டிருந்தபோது தன் புதல்வர்களாலேயே கொல்லப்பட்டான் என்று 19 ஆம் அதிகாரம் முடிகிறது. அரசன் தன் மகன் கையால் மாண்டான் என்பதைப் பாபிலோனிய வரலாற்றுக் குறிப்பும் உறுதிசெய்கிறது. ஆனால் அது நடந்தது கி.மு. 681-ல். இருபது ஆண்டு இடைவெளியை வேதாகம ஆசிரியர் இரண்டு வசனங்களுக்குள் அடக்கி, படையெடுப்புக்கு உடனடித் தண்டனை கிடைத்ததுபோல் தோன்றும்படி எழுதியிருக்கிறார். செய்தி மெய், அதன் கோவை ஆசிரியருடையது. இந்த வேறுபாட்டைக் காணாமல் இந்த நூல்களை யாரும் வரலாறாகப் படித்துவிட முடியாது.

அடுத்து, அரச வமிசங்களைப் பற்றி. 1981-ல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. அதில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் இருந்தது. ஔவை பாடிய புறநானூற்று வள்ளல் கல்லிலும் நின்றபோது தமிழுலகம் மகிழ்ந்தது, நியாயமாகவே. 1993-ல் இஸ்ரேலின் வடகோடியில் தேல் தாண் என்ற இடத்தில் கிடைத்த அரமேயக் கல்வெட்டுத் துண்டுக்கும் ஏறக்குறைய அதே இடம் உண்டு. வேதாகமம் போற்றும் அரசன் தாவீது பிற்காலத்தார் படைத்த பாத்திரமாக இருக்கலாம் என்று அதுவரை வாதிட்ட ஆய்வாளர்கள் இருந்தார்கள். கி.மு. 9 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, யூதேயாவின் அரச குலத்தைத் "தாவீதின் வீடு" என்றே சுட்டுகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் வாசிப்பு. தாவீது என்ற முன்னோனின் பெயரால் ஓர் அரசகுடி அறியப்பட்டிருந்தது என்பதை இனி எளிதில் மறுக்க முடியாது. ஆனால் அவன் கோலியாத்தை வீழ்த்தியதையோ, அவன் மகன் சாலொமோனின் பேரரசு வேதாகமம் வருணிக்கும் அளவுக்குப் பரந்து கிடந்ததையோ அந்தத் துண்டு சொல்லவில்லை. ஜம்பைக் கல்வெட்டும் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி தந்ததைச் சொல்லவில்லையே.

வேதாகமம் சொல்லாமல் விடுவதையும் கவனிக்க வேண்டும். கி.மு. 853-ல் கர்க்கார் என்ற இடத்தில் மூன்றாம் சல்மனேசரை எதிர்த்த கூட்டணியில், யூதேயாவுக்கு வடக்கே இருந்த இஸ்ரேல் நாட்டின் அரசன் ஆகாப் 2,000 தேர்களோடும் 10,000 வீரர்களோடும் நின்றான் என்று அசீரியக் கல்வெட்டு சொல்கிறது. ஆகாபைப் பற்றிப் பல அதிகாரங்கள் எழுதிய வேதாகமத்தில் இந்தப் போரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவன் தந்தை உம்ரிக்கு 1 இராஜாக்களில் சில வசனங்களே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அசீரியர்களோ, உம்ரியின் குலம் அழிந்த பின்னும் அந்த நாட்டை "உம்ரியின் வீடு" என்றே அழைத்தார்கள். ஆசிரியருக்குத் தகவல் கிடைக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை; யூதா இராஜாக்களின் நாளாகமம், இஸ்ரவேல் இராஜாக்களின் நாளாகமம் என்ற ஏடுகளை அவரே பலமுறை மேற்கோள் காட்டுகிறார். அரசன் கர்த்தருக்கு உண்மையாக இருந்தானா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அதற்குப் பயன்படாத போர் அவருக்குத் தேவைப்படவில்லை.

காலத்தில் இன்னும் பின்னோக்கிச் சென்றால் நிலம் நெகிழ்கிறது. எகிப்தின் மெர்னெப்தா மன்னனின் கல்வெட்டு, ஏறக்குறைய கி.மு. 1208-ல், கானான் பகுதியில் இஸ்ரேல் என்ற மக்கள் இருந்ததைக் காட்டுகிறது. அவர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்பதை அது சொல்வதில்லை. யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் கானானுக்குள் நுழைந்தபோது எரிகோ நகரின் மதில் இடிந்து விழுந்தது என்கிறது வேதாகமம். அந்த நகரின் இடிந்த மதிலை யோசுவா காலத்துக்கு உரியதாகத் தொல்லியலாளர் ஜான் கார்ஸ்டாங் 1930-களில் அறிவித்தபோது எழுந்த உற்சாகம், 1950-களில் கேத்லீன் கென்யன் செய்த நுட்பமான அகழாய்வில் அடங்கியது. அந்த நகரத்தின் பெரும் அழிவு கி.மு. 1550-ஐ ஒட்டியது என்றும், யோசுவாவின் காலமாகக் கருதப்படும் கி.மு. 13 ஆம் நூற்றாண்டில் அங்கே மதில் சூழ்ந்த நகரமே இல்லை என்றும் அவர் காட்டினார். எகிப்தை விட்டுப் புறப்பட்டதாக யாத்திராகமம் சொல்லும் ஆறு லட்சம் ஆண்களும் அவர்தம் குடும்பங்களும் 40 ஆண்டுகள் அலைந்த தடயம் சீனாய் நிலத்தில் கிடைக்கவில்லை. களவியல் உரை முச்சங்கங்களுக்குத் தரும் 4,440, 3,700, 1,850 ஆண்டுக் கணக்கை நாம் எப்படிப் படிக்கிறோமோ, அப்படியே இந்த எண்ணையும் படிக்க வேண்டும். அந்த எண்களை ஏற்காததால் சங்கப் பாடல்கள் பொய்யாகிவிடவில்லை.

சுவடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1947-ல் தொடங்கிச் சாக்கடல் குகைகளில் கிடைத்த ஏசாயா சுருள், அதுவரை கையிலிருந்த எபிரேயப் படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது. பாடம் வியக்கத்தக்க அளவில் ஒத்திருந்தது. மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களோ மிகப் பழைய இரு பெருஞ்சுவடிகளில் இல்லை. உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளில் பாடபேதங்களைக் கண்டவர்களுக்கு இவை புதுமையல்ல. படிகள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் அவை மூலத்தில் என்ன எழுதியிருந்தது என்பதற்கே சாட்சி. எழுதியது நடந்தது என்பதற்குச் சாட்சி ஆகா. இந்த இரண்டையும் குழப்பும் பேச்சு நம் மேடைகளில் மிகுதி.

புதிய ஏற்பாட்டில் லூக்காவை மட்டும் பார்ப்போம். அவர் எழுதியதாகக் கருதப்படும் அப்போஸ்தலர் நடபடிகளில், கிறிஸ்தவப் போதகர் பவுலை விசாரிக்கும் அகாயாவின் அதிபதி கல்லியோன், டெல்பியில் கிடைத்த கிலவுதியு பேரரசனின் கல்வெட்டில் அதே பதவியோடு குறிப்பிடப்படுகிறான். பவுலின் காலத்தைக் கணிக்க ஆய்வாளர்கள் பற்றிக்கொள்ளும் முதல் ஊன்றுகோல் அதுதான். தெசலோனிக்கே நகர அதிகாரிகளுக்கு லூக்கா தரும் வழக்கத்துக்கு மாறான பட்டப்பெயரும் கல்வெட்டுகளால் உறுதிப்பட்டிருக்கிறது. அதே லூக்காதான் இயேசுவின் பிறப்பைச் சீரியாவின் ரோம ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்போடு இணைக்கிறார். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் தரும் செய்தியின்படி அது கி.பி. 6-ல் நடந்தது; இயேசு பிறந்த காலத்து அரசனாகச் சுவிசேஷங்கள் சொல்லும் ஏரோதோ கி.மு. 4-லேயே இறந்துவிட்டான் என்பது பெரும்பாலோர் முடிவு. பத்தாண்டு இடைவெளியை நிரப்ப முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் எதுவும் எனக்கு நிறைவளிக்கவில்லை. லூக்கா கவனமான எழுத்தாளர். இந்த இடத்தில் பிழைபட்டிருக்கிறார் என்றே கருதுகிறேன். இயேசு என்ற மனிதர் வாழ்ந்ததையும் ரோம ஆளுநர் பிலாத்துவின் ஆட்சியில் கொல்லப்பட்டதையும் ஐயுறுவதற்கோ இடமே இல்லை. கிறிஸ்தவர்மேல் வெறுப்பு கொண்ட ரோம வரலாற்றாசிரியர் தாசிதுவே அந்த மரண தண்டனையைக் குறிப்பிடுகிறார்; பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-ல் செசரியாவில் கிடைத்தது.

இந்த முறையை நம் வாசலுக்கும் கொண்டுவர வேண்டும். இயேசுவின் சீடர் தோமா இங்கே வந்தார் என்பது சாந்தோமுக்கும் பரங்கிமலைக்கும் உரிய மரபு. அவர் இந்தியா வந்ததாகச் சொல்லும் பழைய எழுத்துச் சான்று, வேதாகமத்தில் சேராத தோமாவின் நடபடிகள் என்ற கி.பி. 3 ஆம் நூற்றாண்டு நூல். அதில் வரும் கொண்டபோரஸ் என்ற இந்திய மன்னனைக் கற்பனை என்றே எண்ணியிருந்தார்கள். 19 ஆம் நூற்றாண்டில் அவனுடைய நாணயங்கள் வெளிப்பட்டன. ஆகவே தோமா வந்தது மெய் என்று பேசுவோர் உண்டு. ஆனால் அந்த மன்னன் ஆண்டது வடமேற்கில், மயிலாப்பூரில் அல்ல. கதையில் ஒரு பெயர் மெய்யாக இருப்பது கதை முழுவதையும் மெய்யாக்கிவிடாது. பரங்கிமலையில் உள்ள, பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து பொறித்த சிலுவை தோமாவுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. இந்தக் கரையில் பாரசீகத் தொடர்புள்ள பழைய கிறிஸ்தவக் குடி இருந்ததற்கு அது சான்று. முதல் நூற்றாண்டில் ரோம வணிகக் கப்பல்கள் தென்னிந்தியத் துறைகளுக்கு வந்துபோனதால் ஒரு யூதர் இங்கே வந்திருக்க முடியும் என்பது வரை வரலாறு நம்மோடு வரும். வந்தார் என்று சொல்ல அதனிடம் ஆவணம் இல்லை. வரவில்லை என்று சொல்லவும் இல்லை.