32 ஜிபி பென் டிரைவில் 6 ஜிபி வீடியோ ஏன் ஏற மறுக்கிறது?

[திரையில்: வீடியோ ஃபைலைப் பென் டிரைவுக்குள் இழுத்துப் போடுகிறோம். பிழைச் செய்தி.]

கல்யாண வீடியோ 6 ஜிபி. பென் டிரைவ் 32 ஜிபி, உள்ளே ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஃபைல் ரொம்பப் பெரியது என்கிறது விண்டோஸ். இடம் இல்லை என்று சொல்லியிருந்தால்கூட மனது ஆறும்!

இது இடப் பிரச்சினை இல்லை, ஃபார்மட் பிரச்சினை, அதாவது டிரைவில் ஃபைல்களை அடுக்கிக் குறித்து வைக்கும் முறையின் பிரச்சினை. இந்த அளவு பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 ஃபார்மட்டில்தான் கடைக்கு வருகின்றன.

[திரையில்: ஒரு வரிசையில் ஃபைல் பெயர், தேதி, கடைசியில் நான்கு கட்டங்கள்.]

ஒவ்வொரு ஃபைலின் அளவையும் குறித்து வைக்க ஃபேட்32 ஒதுக்கியிருப்பது இந்த 4 பைட்தான். அதில் எழுத முடிகிற மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரே ஒரு பைட் குறைவு. அதைத் தாண்டினால் எழுதக் கட்டமே கிடையாது. 1996இல் இது வந்தபோது வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கே ஒன்றிரண்டு ஜிபிதான், யாருக்கு இது உறுத்தும்?

சரி, விண்டோஸின் இன்னொரு ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ்? விண்டோஸ் மட்டும் என்றால் தாராளமாக. மேக்கில் செருகினால் படிக்கலாம், எழுத முடியாது.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பொதுவாக நான் சொல்வது எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2019இல் இதன் விவரக்குறிப்பை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.4இலேயே ஆதரவு சேர்ந்துவிட்டது.

[திரையில்: பென் டிரைவ் மேல் ரைட் கிளிக், ஃபார்மட், எக்ஸ்ஃபேட்.]

உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும், முதலில் காப்பி எடுத்துவிடுங்கள். மேக்கில் டிஸ்க் யுடிலிட்டி. அங்கே ஸ்கீம் என்று கேட்டால் மாஸ்டர் பூட் ரெக்கார்டைத் தேர்ந்தெடுங்கள், பழைய டிவிகளும் சண்டை போடாது.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை உண்டு. பாதியில் நின்றுபோன வேலையைச் சரிசெய்துகொள்ள உதவும் ஜர்னல் இதில் இல்லை. காப்பி நூறு சதவீதம் காட்டியவுடன் வெடுக்கென்று பிடுங்கிவிடாதீர்கள். எஜெக்ட் கொடுத்துவிட்டே எடுங்கள்.

வாங்கும்போது ஒன்று: 500 ரூபாய்க்கு 2 டிபி என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். கம்ப்யூட்டரிடம் 2 டிபி என்று பொய் சொல்லும், உண்மையான இடம் நிரம்பிய பிறகு போடுகிற ஃபைல் எதுவும் திறக்காது.

அப்புறம், அந்தப் பழைய ஃபேட்32 பென் டிரைவைத் தூக்கிப் போட வேண்டாம். பல கார் ஸ்டீரியோக்களுக்கு இன்னமும் அது ஒன்றுதான் தெரியும். பாட்டு எதுவும் 4 ஜிபியைத் தொடப்போவதில்லை.