ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு எத்தனை மணி நேரம்?

நேயர்களுக்கு வணக்கம். இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் இடையில் இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரப் பயணம் என்று உடனே சொல்லிவிடும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. கிலோமீட்டரை நம்பலாம். மணிக்கணக்கை மட்டும் அப்படியே நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போகும் வழித்தடத்தையே எடுத்துக்கொள்வோம். உலக உருண்டையில் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது பெரும்பாலும் ரஷ்யாவின் மேல்தான் போகும், நீளம் சுமார் 7,800 கிலோமீட்டர். அதைச் சராசரி வேகத்தால் வகுத்தால் 9 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட வரும். 2022 தொடக்கம் வரை நிஜமும் அதுதான். ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்கு இந்தக் குறுக்கு வழியை நம்பித்தான் ஃபின்லாந்தின் ஃபின்ஏர் விமான நிறுவனம் தன் தொழிலையே வளர்த்திருந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது, ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வானத்தை மூடியது, பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, பயணம் மட்டும் 13 மணி நேரம் ஆகிவிட்டது! டோக்கியோவிலிருந்து திரும்பும் விமானம் பசிபிக் மேல் ஏறி, அலாஸ்கா பக்கமாக வடதுருவத்தை ஒட்டி, கிரீன்லாந்தைக் கடந்து வருகிறது. கிட்டத்தட்ட 13,000 கிலோமீட்டர். போகும்போது பெரும்பாலும் வேறு வழி: தெற்கே இறங்கித் துருக்கி, கஜகஸ்தான், சீனா என்று சுற்றிப் போகும், ஏனென்றால் விமானம் பறக்கும் உயரத்தில் ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது, போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்க்கும்.

இது பழைய கதையும்கூட. பனிப்போர்க் காலத்திலும் சோவியத் வானம் பெரும்பாலும் மூடித்தான் இருந்தது. மற்ற நிறுவனங்கள் பலவும் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தபோது, 1983-இல் ஃபின்ஏர் ஒரு டி.சி.-10 விமானத்தை வடதுருவத்தின் மேலாக எங்கும் நிறுத்தாமல் டோக்கியோவுக்கு ஓட்டிக் காட்டியது. ஐரோப்பாவின் மேற்கு நாடுகளிலிருந்து ஜப்பானுக்கு இடைநில்லாமல் போன முதல் சேவை அது. அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்புறம் இன்னொன்று. சீன விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வானம் இன்னும் திறந்தே இருக்கிறது. அதனால் ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் இடையே, எந்த நிறுவனத்தில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே நேரம் மாறும்.

சரி, டிக்கெட் எடுக்கும்போது என்ன செய்வது? நிறுவனம் போட்டிருக்கும் மொத்தப் பயண நேரத்தைப் போகவும் வரவும் தனித்தனியாகப் பாருங்கள். புறப்படும் மணியும் இறங்கும் மணியும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படிதான் அச்சாகும். ஜப்பான் ஃபின்லாந்தைவிடக் கோடையில் 6 மணி நேரம், குளிர்காலத்தில் 7 மணி நேரம் முந்தி இருப்பதால், வெறுமனே கழித்துப் பார்த்தால் கணக்கு தவறிவிடும். இறங்கிய ஊரில் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.