பெர்லினின் ‘என். இஸ்ரேல்’ கடையை எப்படிப் பிடுங்கினார்கள்?

[திரையில்: பழைய பெர்லின், ஸ்பாண்டாவர் தெரு]

வணக்கம். பெர்லின் நகர்மன்றத்துக்கு எதிரே, ஸ்பாண்டாவர் தெருவில் பெரிய ஜவுளிக்கடை ஒன்று இருந்தது. பெயர் ‘என். இஸ்ரேல்’. 1815-ல் நாத்தான் இஸ்ரேல் என்ற யூத வியாபாரி சின்னதாக ஆரம்பித்த கடை, மகன், பேரன் என்று கைமாறி, துணிமணி, படுக்கை விரிப்பு, வீட்டுச் சாமான் என்று வளர்ந்து, கடைசியில் சுமார் 2,000 பேருக்குச் சோறு போடும் இடமாகிவிட்டது. கட்டடம் 1943-ல் குண்டுவீச்சில் தரைமட்டமானது. ஆனால் கடை அதற்கு நாலு வருஷம் முன்பே குடும்பத்தின் கையைவிட்டுப் போய்விட்டது.

1933 ஏப்ரல் 1. ஹிட்லர் வந்து இரண்டே மாதம். யூதக் கடைகளின் வாசலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி அடியாள்படையான பழுப்புச் சட்டைக்காரர்கள் “யூதர்களிடம் வாங்காதே” என்று பலகையோடு நின்றார்கள். ஆவணப்படங்களில் நாம் பார்த்துப் பழகிய காட்சி. அது ஒரே நாளில் முடிந்துபோனது. பெரிய கடையை இழுத்து மூடினால் யூதரல்லாத ஊழியர்களும் தெருவுக்கு வருவார்கள், ஏற்கெனவே வேலையில்லாத் திண்டாட்டம் வேறு. அதனால் ‘ஹெர்மன் டீட்ஸ்’ என்ற இன்னொரு யூதக் குடும்பத்தின் பெரிய கடைகளுக்கு வங்கிக் கடன் கிடைக்க ஹிட்லரே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. சும்மா இல்லை, டீட்ஸ் குடும்பத்தை வெளியே தள்ளி, பெயரையும் ‘ஹெர்ட்டி’ என்று மாற்றிவிட்டார்கள்.

சரி, இனிதான் விஷயத்துக்கே வருகிறோம்.

[திரையில்: அரசாணைகள், முத்திரைகள்]

1938 ஏப்ரலில் ஓர் ஆணை: 5,000 மார்க்குக்கு மேல் சொத்து வைத்திருக்கும் யூதர்கள் எல்லோரும் கணக்குக் கொடுக்க வேண்டும். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தாகிவிட்டது. நவம்பர் 9 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் நாடு முழுக்கக் கடைகளை நொறுக்கினார்கள், இஸ்ரேல் கடையும் தப்பவில்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். அடிபட்டவர்கள் மேலேயே 100 கோடி மார்க் அபராதம், உடைந்த கண்ணாடிக்கு வரவேண்டிய காப்பீட்டுப் பணம் அரசுக்கு, பழுதுபார்க்கும் செலவு கடைக்காரருக்கு! 1939 ஜனவரி 1 முதல் யூதர்கள் சில்லறை வியாபாரமே செய்யக்கூடாது. எல்லோருமே ஒரே நேரத்தில் விற்றாக வேண்டும் என்றால் என்ன விலை கிடைக்கும்? எரிகிற வீட்டில் பிடுங்கியவரை லாபம் என்று அக்கம்பக்கத்து முதலாளிகள் அடிமாட்டு விலைக்கு அள்ளினார்கள்.

நாட்டைவிட்டுப் போகலாமே என்பீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். கையில் 1,00,000 மார்க். வெளியேறும் வரி 25 சதவீதம், அபராதத்தில் பங்கு 20 சதவீதம். மிச்சம் 55,000, அதுவும் இஷ்டப்படி எடுக்க முடியாதபடி முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில். வெளிநாட்டுப் பணமாக மாற்றினால் 1939-ல் கிடைத்தது வெறும் 4 சதவீதம். ஆக, ஏறக்குறைய 2,200 மார்க் மதிப்புள்ள பணத்தோடு கப்பல் ஏறலாம், அதுவும் விசா கிடைத்தால்.

[திரையில்: வில்ஃப்ரிட் இஸ்ரேல்]

கடையைக் கடைசியாக நடத்தியவர் வில்ஃப்ரிட் இஸ்ரேல். 1899-ல் லண்டனில் பிறந்தவர், அம்மா இங்கிலாந்துக்காரர், என்றைக்கோ கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. 1939-ன் தொடக்கத்தில் கடையை யூதரல்லாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கும்வரை அதை வைத்துக்கொண்டே, வெளிநாடு போகும் யூத ஊழியர்களுக்குப் பணம் கொடுத்தார், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அதிகாரி ஃபிராங்க் ஃபோலியோடு சேர்ந்து விசாவுக்கு அலைந்தார், குழந்தைகளையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று லண்டனை நச்சரித்தார். லண்டன் சம்மதிக்க, டிசம்பர் 2, 1938 அன்று குழந்தைகளின் முதல் குழு இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்தில் இறங்கியது; போர் மூளும்வரை ஏறக்குறைய 10,000 குழந்தைகள். இது அவர் ஒருவரின் சாதனை என்று சொல்ல மாட்டேன், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் உட்படப் பலர் உழைத்தார்கள்.

1943-ல், யூத அகதிகளுக்குப் பாலஸ்தீனம் செல்ல அனுமதிச் சீட்டு வழங்க ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனார். ஜூன் 1, அவர் லிஸ்பனிலிருந்து திரும்பிய விமானத்தை ஜெர்மன் போர் விமானங்கள் பிஸ்கே விரிகுடா மேல் சுட்டு வீழ்த்தின. 17 பேரும் இறந்தார்கள். நடிகர் லெஸ்லி ஹோவர்டும் அதில் இருந்ததால் செய்தியெல்லாம் அவரைப் பற்றியே! வில்ஃப்ரிட் சேர்த்து வைத்த இந்திய, சீனக் கலைப்பொருட்கள், அவர் உயிலில் எழுதியபடி, ஜெர்மன் யூத இளைஞர்கள் உருவாக்கிய ஹசோரியா என்ற கிப்புட்ஸுக்கு (கூட்டாக வாழ்ந்து உழைக்கும் கிராமம்) போயின. இஸ்ரேல் போகிறவர்கள் அங்கே அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.