ஒரு வத்தக்குழம்பு, நான்கு நீளம்

(கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து குறுந்தொகை கேட்டீர்கள். இந்த மாதம் யூடியூப். நூலகர் ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றார்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் எங்கள் அண்ணியின் சமையல் சேனலுக்கும் வேலை செய்கிறேன். அதனால் சமையலறைப் பக்கத்திலிருந்தே பேசுகிறேன்.

2018-இல் அண்ணி முதல் வீடியோ போட்டார். வெளியூர் ஹாஸ்டலை விட்டு அறை எடுத்துத் தங்கிய மகளுக்கு வத்தக்குழம்பு சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான் காரணம். நான்கு நிமிடம். எடிட்டிங்கே கிடையாது. அதே பழக்கத்தில் வாரம் ஒன்று போட்டார். மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் ஒருநாள் தபால்காரர் ஒரு சின்ன உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். விளம்பர வருமானம் சேர்கிற கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க கூகுள் தபாலில் ஒரு ரகசிய எண் அனுப்பும். அந்தக் காகிதத்தை அண்ணி சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும், அது வேறு கதை. ஆனால் அன்று சாயங்காலமே, "தம்பி, வீடியோவை இன்னும் கொஞ்சம் இழுக்க முடியுமா?" என்று கேட்டார்.

அது ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். யூடியூபில் ஏறிய முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23-ஆம் தேதியது. நிறுவனர் மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம், சான் டியாகோ மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று, இவற்றுக்குத் தும்பிக்கை ரொம்ப நீளம் என்கிறார். 19 விநாடியில் முடிந்துவிடுகிறது. அடுத்த வருடமே கூகுள் 165 கோடி டாலருக்குத் தளத்தை வாங்கியது. 2007-இல் விளம்பரப் பணத்தில் வீடியோ போடுகிறவர்களுக்கும் பங்கு என்று திட்டம் வந்தது. நீள வீடியோவுக்கு இன்றைய கணக்கு, நமக்கு 55, அவர்களுக்கு 45.

நம் ஊர் பாஷையில் சொன்னால் இது வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுகிற கணக்கு. நிலம் அவர்களுடையது, உழைப்பு, விதை, எரு எல்லாம் நம்முடையது. 55 நல்ல வாரம்தான், குறை சொல்ல மாட்டேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. களத்தில் நெல்லை அளக்கிற மரக்கால் அவர்கள் கையில். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள்.

எந்த வீடியோவை முன்னால் காட்டுவது என்பதற்கு, முதலில் எத்தனை பேர் அதைத் திறந்தார்கள் என்பதே அளவு. உடனே தலைப்பில் ஒன்று, உள்ளே வேறொன்று என்று ஏமாற்று வேலை பெருகியது. 2012-இல் அளவை மாற்றி, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினார்கள். நியாயமான மாற்றம்தான். ஆனால் வீடியோக்கள் நீளத் தொடங்கின. 2018 ஜனவரியில் இன்னொரு விதி: 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் இருந்தால்தான் பங்கு. 4,000 மணி என்றால் 2,40,000 நிமிடம். நான்கு நிமிட வத்தக்குழம்பை ஒருவர் விடாமல் முழுசாகப் பார்த்தாலும் 60,000 தடவை ஓட வேண்டும்.

இதற்கு மேல் ஒரு நுணுக்கம். வீடியோவுக்கு நடுவில் விளம்பரம் செருக அது குறைந்தது 10 நிமிடம் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அண்ணி இழுக்கச் சொன்னது இதற்குத்தான். நானும் இழுத்தேன். சுண்டைக்காய் வற்றல் வாங்கின கடை, சட்டி வாங்கின கதை, மாமியாரின் கைமணம். வத்தக்குழம்பு 10 நிமிடம் 5 விநாடிக்கு வந்தது. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கப் போகிற நேரம் பார்த்து விளம்பரத்தை வைத்தேன். அதில் நான் கெட்டிக்காரன். 2020 ஜூலையில் 10 நிமிடம் 8 ஆனது. அடுத்த வாரமே எங்கள் குழம்பு 8 நிமிடம் 10 விநாடியில் கொதித்தது. மாமியார் கதை போயே போச்சு.

நீளத்தோடு நிற்கவில்லை, பேச்சும் மாறியது. 2017-இல், தீவிரவாத வீடியோக்களுக்குப் பக்கத்தில் பெரிய கம்பெனிகளின் விளம்பரம் ஓடுவதை லண்டன் 'டைம்ஸ்' வெளிப்படுத்தியது. விளம்பரதாரர்கள் கூட்டமாக விலகினார்கள். அதிலிருந்து விளம்பரத்துக்கு ஏற்றதா என்று இயந்திரம் சலித்துப் பார்ப்பது கடுமையானது. ஏற்றதென்றால் வீடியோவுக்குப் பக்கத்தில் பச்சை டாலர் குறி, இல்லையென்றால் மஞ்சள், அதாவது விளம்பரம் குறையும். செய்தி சொல்கிறவர்களே 'கொலை' என்கிற இடத்தில் ஒரு 'பீப்' போடுவதைக் கேட்டிருப்பீர்கள். சட்டத்துக்குப் பயந்து என்று நினைக்காதீர்கள், மஞ்சள் டாலருக்குப் பயந்து. 2020 தொடக்கத்தில் 'கொரோனா' என்று வாயைத் திறந்து சொல்லவே தயங்கினார்கள். ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

எல்லாம் பணத்தால் கெட்டது என்று சொன்னால் அதுவும் பொய். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைத்துப் போட்ட 'வில்லேஜ் குக்கிங்' சேனல் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. தமிழில் அதுதான் முதல். அந்தக் கையோடு முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் கொடுத்தார்கள். எந்தத் தொலைக்காட்சி அவர்களை வாசலுக்குள் விட்டிருக்கும்? எனக்குச் செரிக்காத விஷயம் வேறு. பங்கு வாங்கத் தகுதி வராத சின்னச் சேனல்களின் வீடியோவிலும் விளம்பரம் போடுவோம், காசு தரமாட்டோம் என்று யூடியூப்காரர்கள் 2020 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கி, பிறகு இங்கேயும் கொண்டுவந்தார்கள். வாரமே இல்லாத உழவு.

டாலர் போதாதபோது நேரடி விளம்பரம் வருகிறது. ஒரு நல்லெண்ணெய்க் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. பெயர் வேண்டாம். டின் வந்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை வீடியோவில் அண்ணி, "எங்க வீட்டுல பல வருஷமா இதுதாங்க" என்றார். 'பல வருஷமா' என்பதில் குரல் கொஞ்சம் தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தை வெட்டி எடுத்தவன் நான்தான். பணம் வாங்கிச் சொல்வதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், தவறினால் 10 லட்சம் வரை அபராதம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வந்து நிற்கிறது. இப்போது மூலையில் சின்னதாக 'விளம்பரம்' என்று போடுகிறோம். சின்னதாகத்தான்.

அப்புறம் ஷார்ட்ஸ், யூடியூபின் குட்டி வீடியோக்கள். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடையானது. செப்டம்பரில் ஷார்ட்ஸ் இந்தியாவில்தான் முதலில் சோதனைக்கு வந்தது. வத்தக்குழம்பு ஒரு நிமிடத்துக்குள் சுருங்கியது. புளி ஊறுவதில்லை, தாளிப்பு வெடிப்பதில்லை. சட்டியைத் திறந்தால் குழம்பு தயார்.

போன மாதம் மகள் போன் செய்தாள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம். "அம்மா, புளி எவ்வளவு நேரம் ஊறணும்?" அண்ணி, "நம்ம வீடியோதான் இருக்கே, பாரேன்டி" என்றார். "பார்த்தேம்மா. மூணுலயும் அது இல்ல."

2018 வீடியோவைத் தேடி எடுத்து அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் நானும் பார்த்தேன். முதலில் ஒரு கார் விளம்பரம் ஓடியது. அப்புறம் அண்ணி புளியை ஊறப்போட்டுவிட்டு, கேமரா ஓடுவதையே மறந்து, பக்கத்து வீட்டு அக்காவோடு பால் பாக்கெட் வராததைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். புளி பாட்டுக்கு ஊறிக்கொண்டிருக்கிறது.